அறுபது லீற்றர் பியர்ப் பானை

இந்த நாட்டு அடுப்பில் நெருப்பே தெரிவதில்லை. கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்று; அதில் பானையை வைத்தால் கொதிக்கிறது, எடுத்தால் அடங்குகிறது. கேஸ் சிலிண்டரே இல்லாத வீட்டில், காலையில் சமையலறைக்குள் நுழைந்ததும் நான் மூக்கை உறிஞ்சி மணந்து பார்க்கிறேன். பக்கத்து வீட்டு கிரெக் ஒருநாள் அதைக் கண்டுவிட்டு, சளித் தடிமனுக்கு நல்லதென்று ஒரு போத்தல் தேன் கொண்டுவந்து தந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். கொழும்பு வெள்ளவத்தையை அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

அங்கே கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடியில் இருந்தோம். ஒருநாள் பின்னேரம் எங்கள் கேஸ் அடுப்பு வெடித்தது. என் மகள் மயூரி தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அப்போதுதான் போனை எடுக்க அறைக்குப் போயிருந்தாள். கண்ணாடித் துண்டுகள் பல்கனி வரை பறந்தன. அவள் மேல் ஒரு கீறல் இல்லை. கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்து பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு ஒண்டுமில்லைத்தானே, பிறகென்ன” என்றார். எனக்கு அந்தப் பயம் பிறகும் இருந்தது. மெல்பேர்ணுக்கு வந்த பின்னும் கொதிக்கிற எதற்கும் கிட்ட அவளை நான் விடவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு முட்டை அவித்துக் கொடுக்கும் தாயாக இருந்தேன்.

அப்படி வளர்த்த பிள்ளை பியர் காய்ச்சப் பழகினாள். கிரெக்தான் குரு. பியரை நான் வாயில் வைத்ததில்லை. ஆனால் அவளுடைய சின்னப் பானை மின்சாரத்தில் வேலை செய்தது, நெருப்பு இல்லை, அதனால் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பானை அவளுக்குப் போதாமல் போயிற்று. அறுபது லீற்றர் எவர்சில்வர் பானை வந்தது. அடியில் குழாய், உள்ளே இரண்டு சூடாக்கும் கம்பி, பக்கத்தில் பம்ப், சுவரில் சூட்டைச் சிவப்பு இலக்கத்தில் காட்டும் பெட்டி. குளிர்காலம் முழுக்க அவளே துளையிட்டு, பூட்டி, கழற்றி, மறுபடி பூட்டினாள். மின்வேலைக்கு மட்டும் ஆள் வந்தது. தனி லைனும் ட்ரிப் சுவிச்சும் போட்ட அந்த மனிதரிடம், ஏர்த் சரியா, ஏர்த் சரியா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து தன் லைசென்ஸ் அட்டையை எடுத்து மரியாதையாக என்னிடம் நீட்டினார்.

“முதல் காய்ச்சல் எனக்கு முன்னால,” என்றேன் மயூரியிடம். “புகை, பொறி, சிந்தல், ஏதாவது ஒண்டு வந்தாலும் எல்லாத்தையும் கழட்டி கிரெக்கிட்ட குடுக்கிறாய்.”

“ஓம் அம்மா. டீல்.” முகம் மட்டும் சுருங்கிவிட்டது.

ஞாயிறு காலை கராஜ் முழுக்க, சிறுவயதில் பாலில் கரைத்துக் குடித்த மோல்ட் மாவின் வாசம். கிரெக் உதவிக்கு வந்திருந்தார்; கொட்டாஞ்சேனையிலிருந்து என் அக்கா வீடியோவில் இருந்தாள். போனைத் தட்டில் சாய்த்து வைத்திருந்தோம்.

“என்னடி இது, பக்டரியே போட்டிட்டாள்? மாப்பிள்ளை பாக்கேக்க என்ன படிப்பெண்டு சொல்லுறது?”

“கெமிஸ்ட்ரி எண்டு சொல்லுங்கோ, பெரியம்மா,” என்றாள் மயூரி.

சிவப்பு இலக்கம் நூறை நெருங்கியது. பானைக்குள் மோல்ட் ஊறிய சாறு ஒருமுறை முனகியது. பிறகு மண்ணிற நுரை எழும்பத் தொடங்கியது; எழும்பி, விளிம்பில் ஒரு கணம் நின்று யோசித்து, வெளியே வழிந்தது. கிரெக் “நோ, நோ, நோ” என்றபடி பெட்டியை நோக்கிப் பாய்ந்தார். மயூரி பானையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“பொங்குது, பொங்குது,” போனுக்குள் அக்கா கை தட்டினாள். “அடியே, எந்தப் பக்கம்?”

“கிழக்கால,” என்றது என் வாய். என் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் புது வீட்டில் முதலில் பால் காய்ச்சி, அது பொங்கி வழியும்வரை அடுப்பைச் சுற்றி நிற்போம்; கிழக்கே வழிந்தால் நல்ல சகுனம். இப்போதும் நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன், பானைக்கு ஒரு முழத்தில், ஓடாமல்.

கிரெக் சுவிச்சை அணைத்துவிட்டு மூச்சு வாங்கினார். தன் பிழை என்று மன்னிப்புக் கேட்டார். பிறகு, ஏன் கை தட்டுகிறீர்கள் என்றார். எங்கள் ஊரில் இதற்காகத்தான் காத்திருப்போம் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன்.

“பிழையாய்ப் போறதுக்காகவா?” என்று கேட்டார், மிகவும் அனுதாபமாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை, பானைக் கைபிடியைப் பிடித்தால் சுடும், அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

“அப்ப கழட்டவா?” மயூரியின் குரல் மெல்லியது.

“என்னத்தை?”

“சிந்திட்டுதே. டீல் எண்டனான்.”

“சிந்தினதில்லை, பொங்கினது. பொங்கினதை ஆரும் கழட்டுவினமே? போட்டுவிடு திரும்ப, குறைச்சு வை.”

அவள் என்னைக் கட்டிக்கொண்டதில் இருவரும் சாற்றுக்குள் கால் வைத்தோம். கிரெக் மாப்புடன் வந்தார். “துடைக்க விடாதை, முதல்ல ஒரு பூ வை,” என்றாள் அக்கா. நான் அவளிடம் “பொறு” என்றேன், கிரெக்கிடம் “வன் மினிட்” என்றேன். இருவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். பூப் பறிக்கத் தோட்டத்துக்குப் போகத் திரும்பினேன். சீனிப்பாகு போல் இறுகத் தொடங்கிய சாறு ஒரு செருப்பைத் தரையோடு பிடித்துக்கொண்டது. ஒரு கால் செருப்போடும் மற்றக் கால் வெறுமையாகவும், போனுக்கும் மாப்புக்கும் நடுவில் சிரித்துக்கொண்டு நின்றேன்.