அடுத்த தவணைப் பாடத்தைத் தொடாத புஷ்பா ரீச்சர்

களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து புஷ்பா ரீச்சரின் தங்கை அழைத்தபோது, பிள்ளைகள் என் வீட்டு ஹோலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிய வாரம். "அக்கா போயிட்டா, அண்ணை" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ரீச்சர் லேட்டோ?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

வெள்ளவத்தையில் புஷ்பா ரீச்சரை அறியாதவர் குறைவு. ஓய்வுபெற்ற பின் ஒவ்வொரு விடுமுறையிலும் என் ஹோலில் பிள்ளைகளைக் கூட்டி, போன பள்ளித் தவணையில் படித்ததை மறக்கவிடாமல் பார்த்துக்கொண்டவர். புதுப்பாடத்தில் ஒரு வரியும் தொடமாட்டார். அதுதான் பெற்றோரான உங்களில் பலருக்குப் பொறுக்கவில்லை.

போன வருடம் ஒரு தகப்பன் மகளோடு வாசலில் நின்று சத்தம் போட்டார். "மற்ற கிளாசுகளில அடுத்த தவணையை முடிச்சிட்டினம். நீங்க இன்னும் பழைய பின்னத்தையே கிண்டிக்கொண்டு இருக்கிறீங்க!"

"ஓம் தம்பி. ஈரச் சுவருக்கு மேல மாடி கட்ட எனக்குத் தெரியாது."

"ஸ்கொலர்ஷிப் சோதினையில பிள்ளை பின்னுக்குப் போனா நீங்களோ பொறுப்பு?"

"அரையையும் காலையும் கூட்டினா என்ன எண்டு அவளையே கேளுங்கோ."

மகள் தலை குனிந்தாள். ரீச்சரின் குரல் உடனே தணிந்தது. "மறந்தது குற்றமில்லையம்மா. மறைக்கிறதுதான் பிழை." தகப்பன் அவளை இழுத்துக்கொண்டு போனார். பிறகு இன்னும் பலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளையை அந்தச் சண்டைக்குள் இழுத்திருக்கக் கூடாது என்று அன்று முழுவதும் ரீச்சர் வருந்தினார்.

நானும் அவரோடு சண்டை பிடித்தவன்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, கடையில் சாமான் சுற்றிய பத்திரிகைத் தாள்களில் வாசிக்கப் பழகியவன் நான். "லீவு எண்டா விடுங்கோவன். எனக்கு ஆர் சொல்லித் தந்தது?" என்பேன்.

"உங்களுக்குப் பசி இருந்தது அண்ணை. இதுகளுக்கு ஃபோன் இருக்கு."

இன்றும் நான் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் ஹோலை ஒருநாளும் மூடியதில்லை.

பொரளை மயானத்தில் தகனம் முடிந்து வெளியே வரும்போது அதே தகப்பன் அருகில் வந்தார். "ஐயா, ரீச்சர்ட பேரிலயே ஒரு கிளாஸ் வைப்பம். நல்ல மாஸ்டர் ஒருத்தர் இருக்கிறார், அடுத்த தவணையை இப்பவே தொடங்குவார். ஹோல் திறப்பை மட்டும் தாங்கோ."

சிலர் தலையாட்டினார்கள். சாம்பல்கூட ஆறவில்லை.

"அவ செய்யமாட்டன் எண்டதுக்கு அவவின்ர பேரோ? தரமாட்டன்."

"நீங்க பிடிவாதம் பிடிச்சா பிள்ளையளுக்குத்தான் நட்டம்."

"அப்ப பிள்ளையளை அனுப்புங்கோ. திறப்பைக் கேளாதேங்கோ." சாவியைச் சட்டைப் பைக்குள் இறுக்கிப் பிடித்தபடி நடந்தேன்.

அதையே இங்கும் எழுதிவைக்கிறேன். விடுமுறை முடியும்வரை ஹோல் காலையில் திறந்திருக்கும். பின்னம் சொல்லித்தர எனக்கு வராது. பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க வரும். முன்பெல்லாம் பிள்ளை ஒரு சொல்லில் தடுமாறினால் நான் முந்திச் சொல்லிவிடுவேன். "வாயை மூடுங்கோ அண்ணை, அவளுக்கு வந்துகொண்டிருக்கு" என்று ரீச்சர் அதட்டுவார். நேற்று ஒரு பிள்ளை ஒரு சொல்லின் முன் நெடுநேரம் நின்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சொல் வந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த வாய்மூடல் ஒன்றுதான். என் வயதில் அதைப் பழகுவது லேசல்ல.