பைகளுக்கு ஓர் அறை

கனகா, முரளி, பிள்ளைகளே, இதை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். கனகா சிவில் டிப்ளமோ முடித்து டிராயிங் ஆபீசில் சேர்ந்த அன்று, "இத்தன வருசம் கவர்மென்ட் ஆபீஸ்ல இருந்தியேப்பா, பில்டிங் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று விளையாட்டாகக் கேட்டாள். நான் சிரித்துவிட்டு எழுந்து போனேன். பில்டிங் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பத்தாவது படித்து, அட்டெண்டராகச் சேர்ந்து, ஃபைல் தூக்கியே ரிட்டயர் ஆனவன். ஆனால் ஜனம் பெருகுகிறது என்று ஒரு ஆபீசைப் பெரிதாகக் கட்டுவதையும், அதில் ஒரு மனிதருக்கு உட்கார இடம் கிடைக்காமல் போனதையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதைத்தான் சொல்கிறேன்.

1. பை வரிசை

பழைய வார்டு ஆபீஸ் ஓட்டுக் கட்டடம். இரண்டு அறை, ஒரு சின்ன ஹால், முன்னால் வராந்தா. சுற்றிலும் தோட்டமும் தனித்தனி வீடுகளும் இருந்த காலத்தில் கட்டியது. பிறகு தோட்டமெல்லாம் அபார்ட்மென்ட் ஆனது. ஒரு வீடு இருந்த இடத்தில் நாலு மாடி வந்தது. வார்டையும் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். ஆபீஸ் மட்டும் அதே இரண்டு அறை. வீடு யார் பெயரில் என்று பதியும் காத்தாவுக்கு வருபவர்கள், டாக்ஸ் கட்ட வருபவர்கள், பிறப்பு இறப்பு சர்ட்டிபிகேட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் அந்த ஹாலில்தான் நெருக்கினார்கள்.

நிற்க ஜாகா இல்லாததால் ஜனங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலையில் வந்ததும் கையிலிருக்கும் பையை வரிசையில் வைத்துவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பை இல்லாதவர்கள் ஹெல்மெட், டிபன் கேரியர், குடை, எதையாவது வைப்பார்கள். ஒரு ஆள் வேலை முடிந்து போனால், பக்கத்தில் இருப்பவர் மீதிப் பைகளையெல்லாம் காலால் ஒரு தள்ளு முன்னால் தள்ளுவார். ஹாலுக்குள் யாரும் இல்லாமலே வரிசை நகரும்.

சண்டையும் வரும். "ஏம்மா, எம்பைய தாண்டி உன் பை எப்படி போச்சு? அதுக்கு இன்னா காலு மொளச்சிதா?" என்று ஒரு அம்மா கத்துவாள். "பையக் கேளு, என்ன இன்னாத்துக்கு கேக்கற?" என்று இன்னொருத்தி சொல்வாள்.

இந்த வரிசைக்குக் கணக்குப் பார்ப்பவர் மாதிரி இருந்தவர் ஆரோக்கியம் அண்ணன். கோலார் தங்க வயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் வார்டில் இருக்கும் ஜீவனஹள்ளிக்கு வந்து, மனைவி பெயரில் இருந்த ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தார். நெஞ்சில் சளி. இரண்டு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்குவார். அவருடைய பை கறுப்பு ரெக்சின் பை. ஒரு கைப்பிடி அறுந்துபோய், அந்த இடத்தில் சைக்கிள் டியூப் கட்டியிருக்கும்.

"எங்க மைன்ஸ்லயும் இப்டிதான் குமாரு," என்பார். "கீழ எறங்கறப்ப பித்தள டோக்கன போர்டுல மாட்டிட்டுப் போவோம். மேல வந்து எடுத்துக்குவோம். போர்டுல டோக்கன் தொங்குதுன்னா ஆளு இன்னும் கீழ கீறான்னு அர்த்தம். எல்லா டோக்கனும் போற வரைக்கும் மேஸ்திரி வூட்டுக்குப் போவ மாட்டாரு."

2. செத்துப்போனது யார்?

அவர் வந்துகொண்டிருந்தது மனைவியின் இறப்பு சர்ட்டிபிகேட்டுக்காக. அந்த அக்கா பெயர் ஞானசௌந்தரி. பதிவு செய்தவர் கன்னடக்காரர். காதில் விழுந்ததை அவருக்குத் தெரிந்த மாதிரி எழுதி, அது இங்கிலீஷில் ஏறும்போது 'ஜ்ஞானசுந்தரி' ஆகிவிட்டது. வீட்டுப் பத்திரத்தில் ஒரு பெயர், இறப்பு சர்ட்டிபிகேட்டில் இன்னொரு பெயர். இரண்டும் ஒன்றானால்தான் வீட்டின் காத்தா மகள் ஸ்டெல்லா பெயருக்கு மாறும். ஸ்டெல்லா புருஷனை விட்டு வந்து அப்பாவோடு இருந்தாள். அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. "நான் இருக்கறப்பவே முடிச்சிடணும் குமாரு" என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு.

கவுண்டரில் ஒருநாள் அவர் கேட்டது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "சார், யாரோ சுந்தரின்னு ஒரு பொம்பள செத்துட்டான்னு காயிதம் குடுத்துகீறீங்க. அப்போ எங்கூட்டுக்காரி சாவலையா? இருந்தா அனுப்பி வைங்க சார், சமைக்க ஆளில்ல." கவுண்டரில் இருந்தவரே சிரித்துவிட்டார். ஆனால் திருத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது காகிதம் கேட்டார்கள். அவரும் கொண்டுவந்தார்.

3. சர்வே

இதற்கு நடுவில்தான் புது பில்டிங் வந்தது. இன்னும் முப்பது வருஷத்துக்கு எவ்வளவு ஜனம் வரும் என்று கணக்குப் போட்டு, அதற்குத் தகுந்த ஆபீஸ் கட்ட வேண்டும் என்று உத்தரவு. கணக்குப் போட ஒரு கன்சல்டன்ட் கம்பெனியிலிருந்து ஸ்வாதி மேடம் வந்தார். மைசூர்ப் பக்கத்துப் பெண். தமிழ் ஸ்வல்ப ஸ்வல்பதான் பேசுவார், ஆனால் எல்லோரிடமும் நின்று பேசுவார்.

அவர் வருவதற்கு முந்தின நாள் ஆபீஸ் இன்ஜினியர் சார் எங்களைக் கூப்பிட்டார். "நாளைக்கு கன்சல்டன்ட் வர்றாங்க. வராந்தால யாரும் படுத்திருக்கக் கூடாது, குந்தியிருக்கக் கூடாது. ஆபீஸ் நீட்டா இருக்கணும், கொத்தாய்தா, புரிஞ்சுதா?" என்றார். மறுநாள் என்னை ஒரு ஃபைலோடு ஹெட் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் இல்லாதபோது நடந்ததைப் பிறகு மேடமே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

செக்யூரிட்டி பாஷா எல்லோரையும் மரத்தடிக்கு விரட்டிவிட்டார். மேடம் ஹாலுக்குள் வந்து, மணிக்கு ஒரு முறை தலைகளை எண்ணினார். ஹாலில் ஆளே அதிகம் இல்லை. தரை பூராவும் பைகள். மேடம் அதையும் போட்டோ எடுத்தார். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் சுமையோடு வருகிறார்கள், வைக்க இடமில்லாமல் தரையில் போடுகிறார்கள், பாவம் என்று நினைத்தார். நல்ல மனசோடுதான் நினைத்தார். அன்றைக்கு எண்ணிய தலையை வைத்துத்தான் முப்பது வருஷத்துக்குப் பெருக்கினார்கள். முதல் எண்ணிக்கையே குறைந்துபோனதால், பெருக்கி வந்ததும் குறைந்தே பிறந்தது.

4. புது பில்டிங்

கிரவுண்ட் ஃப்ளோர் பூரா பார்க்கிங். கவுண்டரும் வெயிட்டிங் ஹாலும் முதல் மாடியில். கண்ணாடி, ஏசி, டோக்கன் மெஷின் எல்லாம் இருந்தது. நாற்காலி மட்டும் கொஞ்சம். காலையில் முதலில் வருபவர்களோடு அது நிறைந்துவிடும். லிஃப்டுக்கு இன்ஸ்பெக்‌ஷன் முடியவில்லை என்று பூட்டி வைத்திருந்தார்கள். கீழே வாசலுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு அறை. நல்ல காற்று, வெளிச்சம், மூன்று பக்கமும் இரும்பு அலமாரி. வெளியே போர்டு: 'பொதுமக்கள் பைகள் வைக்குமிடம்'.

ஆரோக்கியம் அண்ணன் முதல் நாள் வந்தார். மெதுவாகப் படியேறி, டோக்கன் எடுத்து, நாற்காலி இல்லாததால் பழக்கப்படி கவுண்டர் முன்னால் பையை வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். பார்க்கிங்கில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். பாஷா மேலே போய்ப் பையைத் தூக்கிவந்து அந்த அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"இன்னா பாய், எம்பைய எடுத்துட்ட?"

"அங்க வெக்கக்கூடாது பெரியவரே. ஆர்டர். அதுக்குன்னே ரூம் கட்டிக் குட்த்திருக்காங்க பாருங்க, ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

ஆரோக்கியம் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா குமாரு? என்னத் தூக்கி அலமாரில வெச்சிட்டாங்க." சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது.

மேலே நம்பர் கூப்பிடுவது கீழே கேட்காது. நான் இருக்கும் நாளில் ஓடிவந்து கூப்பிடுவேன். அவர் ஏறி வருவதற்குள் அடுத்த நம்பர் போயிருக்கும். "நாளைக்கு வாங்க" என்பார்கள். என்னை மீட்டிங் ஹாலில் டீ கொடுக்கப் போட்ட நாட்களில் அதுவும் இல்லை. கீழே ஒரு பெஞ்சாவது போடலாமா என்று இன்ஜினியர் சாரைக் கேட்டேன். "பார்க்கிங்ல பெஞ்ச் போட்டா ஃபயர்காரங்க சும்மா விடுவாங்களா குமார்?" என்றார். அவர் சொன்னதும் ரூல்தான்.

5. "அது நான்தாம்மா"

பில்டிங் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஸ்வாதி மேடம் மறுபடி வந்தார். பை அறையைத் திறந்து பார்த்தார். அவ்வளவு பெரிய அறையில் ஒரே ஒரு ரெக்சின் பை.

"குமார் அவ்ரே, யாக்கெ, ஏன் யாரும் இந்த ரூம் யூஸ் பண்ணல்ல? பழைய ஆபீஸ்ல நெறைய பேக் இருந்துச்சே?"

நான் வாயைத் திறப்பதற்குள் தூணடியிலிருந்து ஆரோக்கியம் அண்ணன் எழுந்து வந்தார். "அது பை இல்லம்மா. அது நான்தாம்மா. நாங்கல்லாம் அந்த மரத்தடில குந்தினு இருந்தோம். எங்களுக்கு பதிலா பைங்க நின்னுச்சு."

மேடம் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய், பையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அய்யோ, நானு பைக்கு ரூம் கொடுத்துட்டேன்" என்றார் மெதுவாக.

"பரவால்லம்மா. பையி சந்தோசமாத்தான் கீது" என்றார் அண்ணன்.

அன்றே மேடம் இன்ஜினியர் சாரிடம் போனார். பை அறையின் முன்சுவரை உடைத்து, பிறப்பு இறப்பு கவுண்டரைக் கீழே கொண்டுவந்து, அங்கேயே உட்கார இடம் போடலாம் என்று வரைந்து காட்டினார். டீ வைக்கப் போனபோது அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது.

"மேடம், இப்பத்தான் திறந்த பில்டிங். ஒடச்சா ஆடிட்ல யாரைக் கேப்பாங்க? என்னத்தான்" என்றார் இன்ஜினியர் சார்.

"தப்பு நன்னது, என்னுது சார். நானே எழுதிக் கொடுக்கறேன்."

எழுதியும் கொடுத்தார். அது ஹெட் ஆபீஸ் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. மேடம் தன் சொந்த வேலையை விட்டுவிட்டு அதன் பின்னால் அலைந்தார். வரும்போதெல்லாம் தூணடிக்குப் போய், "தாத்தா, இன்னும் ஸ்வல்ப நாள்" என்பார். "ஆவட்டும்மா, நான் எங்க ஓடப் போறேன்" என்பார் அவர்.

6. மூச்சு

கடைசியாக அவர் வந்த நாள் நான் மீட்டிங் ஹாலில் இருந்தேன். மேலேயிருந்து இறங்கிவந்த யாரோ நம்பரைச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாகப் படிக்குப் படி நின்று ஏறுகிறவர், அன்று நிற்காமல் ஏறியிருக்கிறார். கவுண்டருக்கு வந்தவரால் வாய் திறந்து பேச முடியவில்லை. காகிதத்தைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீட்டியிருக்கிறார். அதற்குள் அடுத்த நம்பர் ஆள் கவுண்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாராம். நான் வெளியே வந்தபோது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"இருங்கண்ணே, ஆட்டோ கூப்பிடறேன்."

கையை மட்டும் ஆட்டினார். ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். பாஷா சாப்பிடப் போயிருந்ததால் பை அறை பூட்டியிருந்தது. "பை?" என்றேன். "இருக்கட்டும். எனக்கு பதிலா... நிக்கட்டும்" என்றார். ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

அந்த வாரமே போய்விட்டார். கல்லறையில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா பேரு வந்துச்சான்னு கேட்டுகினே இருந்தாருண்ணே" என்றாள். விண்ணப்பித்தவர் இறந்துவிட்டதால், இப்போது ஸ்டெல்லா முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். இன்றைக்கும் அவள் இரண்டு பேருக்காக வந்துகொண்டிருக்கிறாள். அப்பாவின் இறப்பைப் பதிய, அம்மாவின் பெயரைத் திருத்த.

சுவரை உடைக்க உத்தரவு வந்தது, அவர் போன அடுத்த மாதம். ஸ்வாதி மேடம்தான் காகிதத்தைக் கையில் கொண்டுவந்தார். நேராகத் தூணடிக்குப் போய்ப் பார்த்தார். நான் சொன்னேன். காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இப்போது அந்தக் கவுண்டர் கீழேதான் இருக்கிறது. முன்னால் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். நல்ல காற்று வரும்.

கனகா, நாளைக்கு நீயும் டேப்பும் பேப்பருமாக இடம் அளக்கப் போவாய். உள்ளே நிற்கிறவர்களை எண்ணு. எண்ணி முடித்ததும் வெளியே வந்து ரோட்டைத் தாண்டிப் பார். நிற்க முடியாதவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு பிறகு பெருக்கு. தப்பாகப் போனாலும், அந்த மேடம் மாதிரி என்னுடையது என்று சொல்லு. முரளி, நீ எந்த வேலைக்குப் போனாலும் உனக்கும் இதுதான்.

சுவரை உடைப்பதற்கு முந்தின சாயங்காலம் அறையைக் காலி செய்யச் சொல்லி எனக்குச் சாவி கொடுத்தார்கள். எல்லோரும் போய்விட்டார்கள். அலமாரியில் அவருடைய பை அப்படியே இருந்தது. உள்ளே ஒரு துண்டு, பாதித் தண்ணீரோடு ஒரு பாட்டில். நாளைக்குக் கவுண்டர் வரப்போகிற இடத்துக்கு முன்னால், தரையில், முதல் ஆளாக அதை வைத்தேன். பின்னால் வேறு பை எதுவும் இல்லை. பிறகு சைக்கிள் டியூப் கட்டிய கைப்பிடியைப் பிடித்துத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு ஜீவனஹள்ளியில் ஸ்டெல்லா வீட்டுப் பக்கம் நடந்தேன். அண்ணன் சொன்ன அந்த போர்டில் இனி டோக்கன் இல்லை.