கம்ப்யூட்டருக்கும் தீட்டு

எழுபதுகளில் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தேன். கம்ப்யூட்டர் பார்க்க அழைத்துப்போகிறோம் என்ற கணக்கு சார், பையன்களின் பெயரை மட்டும்தான் எழுதிக்கொண்டார். "பொம்பளப் புள்ளைங்களுக்கு அது இன்னாத்துக்கு?" என்றார். வகுப்பில் கணக்கில் முதல் மார்க் நான். விடுவேனா? தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நின்று மல்லுக்கட்டினேன். கடைசியில், துணைக்குத் தையல் டீச்சர் வந்தால் நாங்கள் நாலு பெண்களும் போகலாம் என்று ஆயிற்று.

ரயிலேறிப் போனோம். மெட்ராஸுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கம்பெனி. கம்ப்யூட்டர் அறை வாசலில், செருப்பைக் கழற்றச் சொல்லிப் பலகை மாட்டியிருந்தார்கள். கதவிடுக்கு வழியாக ஏசிக் குளிர் காலில் பட்டது. தையல் டீச்சர், பெரியபாளையத்து அம்மன் சன்னதியில் நிற்பவரைப்போல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு எங்களை ஓரங்கட்டினார்.

"யாருனா தூரமா கீறீங்களாடி? இப்பவே சொல்லிடுங்க. மெஷினுக்கு இன்னானா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று எனக்கு மாதவிலக்கு. கோயிலுக்கு ஆகாது, ஊறுகாய் ஜாடிக்கு ஆகாது, சரி. கம்ப்யூட்டருக்குமா? நான் வாய் திறக்குமுன் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது. "நீ இங்கியே குந்து" என்று வெளியே கிடந்த பெஞ்சைக் காட்டிவிட்டு, மற்றவர்களோடு உள்ளே போய்விட்டார். சண்டை போட்டு வந்தவள் நான். இப்போது எல்லார் செருப்புக்கும் காவல். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். அந்த மெஷினை ஓட்டும் ஆபரேட்டர் தான்தான் என்றார். அந்த வேலையில் ஒரு பொம்பளை இருப்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"இன்னாம்மா, எல்லாரும் உள்ள பாத்துக்கினு கீறாங்க, நீ மட்டும் இங்க குந்திக்கினு கீறே?"

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"செருப்பக் கழட்டச் சொல்றது தூசிக்கும்மா. மண்ணு பூந்தா மெஷினு மக்கர் பண்ணும். அவ்ளோதான்."

கையைப் பிடித்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"ஐயையோ, அவ தூரம்!" என்று டீச்சர் பதறினார்.

"நானும்தான் டீச்சர். இன்னிக்கு ரெண்டாம் நாளு. காலைலேர்ந்து நான்தான் இத்த ஓட்டிக்கினு கீறேன்."

பையன்கள், கணக்கு சார், நான், எல்லோரும் விறைத்துப்போய் நின்றோம். ஆண்கள் எதிரில் ஒரு பெண் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மெஷின் மட்டும் தடதடவென்று அச்சடித்துக்கொண்டிருந்தது.

டீச்சர் கையில் எங்கள் பள்ளியின் பெயர் அச்சான தாள் ஒன்று இருந்தது. சற்றுமுன் அந்த ஆபரேட்டர் கொடுத்தபோது, பிரசாதம்போல் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். இப்போது அது கைநழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

நான் எடுத்துக்கொண்டேன்.