முனியாண்டி முடக்கில் நிற்காத கார்

பொனட்டைத் திறந்தாலும் சோலைமலை உடனே உள்ளே கைவிடமாட்டான். ஓடி வந்த இன்ஜின் ஆறும்போது இரும்புக்குள்ளிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம் வரும். அது அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டபடி நிற்பான். கல்யாணமாகி அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து லோஜினி இதை லயத்து வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். சூடு ஆறட்டும் என்று நிற்கிறான்போல என்றுதான் நினைத்தாள்.

ஒரு நாள் அவனே சொன்னான். "அது தனுஜாவோட வளையல் புள்ள."

தனுஜா அவன் தங்கச்சி. வளைகாப்பு முடிந்து, கை நிறையக் கண்ணாடி வளையலோடு தாய்வீட்டில் இருந்தாள். அந்த வருஷம் ஆயுத பூசைக்கு லயமே தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளைக் கழுவியபோது சோலைமலை தன் வாடகைக் காரைக் கழுவினான். சாமிக்கு வைக்கிற பொருளில் அழுக்கு இருக்கலாமா என்று பொனட்டைத் திறந்து, மலையிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீரை இன்ஜின்மேல் அப்படியே பாய்ச்சிவிட்டான். சந்தனம் வைத்து நிறுத்திய வண்டியை, பொழுது சாயத் தனுஜாவுக்கு வலி கண்டபோதுதான் கிளப்பினான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், முனியாண்டி கோயில் முடக்கு வளைவில், ஏற்றத்தில், கார் இருமி இருமி நின்றுவிட்டது. தீப்பொறி போகிற இடத்தில் ஈரம். மூடுபனியில் வேறு வண்டியும் வரவில்லை. அவன் குனிந்து துடைத்துக்கொண்டிருக்க, பின் சீட்டில் அவள் வளையல் கையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு தட்டவில்லை.

அதற்குப் பிறகு அவன் இன்ஜினைத் துடைத்ததே இல்லை. லோஜினி முழுகாமல் இருந்தபோது, தலவாக்கலை மெக்கானிக் கஜேந்திரன் உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, இது இன்ஜினா, கொழுந்து கொட்டுற மடுவமா? எலி குடும்பத்தோட இருக்கு. எண்ணெயும் சருகும் ஒட்டிக் கெடக்கு. என்னைக்காவது நெருப்பு புடிச்சிரும்."

வீட்டுக்கு வந்ததும் லோஜினி பிடித்துக்கொண்டாள். "நீங்க செய்யலன்னா நான் செய்றேன்."

"தண்ணி பட்டா என்னாகும்னு தெரியும்ல?"

"ஊத்தவா சொன்னேன்? தொடைக்கத்தானே சொன்னேன். இந்தப் புள்ளயும் இந்த வண்டியிலதானே போவணும்?"

வெயில் வந்த ஒரு காலையில் சோலைமலை ஆறிய இன்ஜின்முன் நின்றான். கஜேந்திரன் சொல்லிக்கொடுத்தபடி பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினான். லோஜினி பிளாஸ்டிக் ஷாப்பிங் பைகளை நீட்ட நீட்ட, தீப்பொறி மூடி, டைனமோ, காற்று இழுக்கிற வாய் எல்லாவற்றையும் சுற்றிக் கட்டினான். சருகை அள்ளினான். பழைய பல் பிரஷில் சவர்க்காரம் தொட்டுத் தேய்த்து, பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தான். பீலிப் பக்கம் திரும்பவே இல்லை. நன்றாகக் காய்ந்தபின்தான் பைகளை அவிழ்த்து, வயரை மாட்டிச் சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பில் பிடித்தது. அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

பிறகு வளைகாப்பு நடந்தபோது, போட்ட வளையல்களை லோஜினி அன்றிரவே கழற்றிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டாள். அவன் காதில் அந்தச் சத்தம் விழவேண்டாம் என்று.

வலி வந்த அன்றும் மூடுபனிதான். முடக்கு நெருங்கியதும் சோலைமலையின் கழுத்து விறைத்தது. கார் தடங்கலில்லாமல் ஏறியது.

"பாத்தியா, நிக்கல! நிக்கல புள்ள!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினான்.

பின் சீட்டில் லோஜினி அசையாமல் இருந்தாள். பக்கத்துக் கண்ணாடியில் யாரோ வளையல் கையால் தட்டினார்கள். மெதுவாக, விட்டு விட்டு. அவள் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் வெறுங்கையாக வயிற்றின்மேல் இருந்தன. கோயிலைத் தாண்டியதும் சத்தம் நின்றது.

"வலிக்குதா?" என்றான்.

"இல்ல. நீங்க போங்க."

ஆண் பிள்ளை பிறந்தது. முடக்கில் தன் காதில் விழுந்த சத்தத்தை லோஜினி அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி பழைய ஆளாகிவிடுவான்.

இப்போது சோலைமலை காருக்கு ஓட்டம் நிறைய. யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். அவனும் ஏதாவது பாட்டை முணுமுணுத்தபடி போய் வருகிறான். லோஜினியும் மகனும் எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போகிறார்கள். காரில் ஏறினால் தலை சுற்றுகிறது என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள்.