கழுகு வரட்டும் என்றவன்

நான் அஞ்சாவதோடு படிப்பை விட்டவன். கலவைச் சட்டி தூக்கியவன், மாமல்லபுரம் சாலையில் சொந்தமாகச் சிமெண்டுக் கடை வைத்தேன். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று எல்லோரும் சிரித்த மனையில் கிணறு வெட்டி, நல்ல தண்ணீர் எடுத்து, மாடி வீடும் கட்டினேன். ஒருத்தன்கூடக் கைகொடுக்கவில்லை. இத்தனையும் செய்த எனக்கு, என் மனைவியின் தம்பியை ஒரு மலையிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

திருக்கழுக்குன்றத்து மலைக்கு உச்சி வேளையில் பிரசாதம் உண்ண வரும் கழுகுகள் தொண்ணூறுகளின் கடைசியில் வராமல் போயின. ரெண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் உலகம் அழியும், கழுகு வராததே அதற்கு அடையாளம் என்று ஊரெல்லாம் பேச்சு. சிமெண்டு வாங்க வருகிறவன்கூட, வீடு கட்டலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்பான். எரிச்சலாக வரும். அழிகிற நாளைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய்? நான் தினமும் விபூதி பூசும்போதே, “இன்றைக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன் சாமி, யார் மேலும் மனஸ்தாபம் இல்லை” என்று சொல்லிவிட்டுத்தான் கடை திறப்பேன்.

மச்சானுக்கோ தன் அண்ணன் மேல் தீராத கோபம். மகள் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் தபாலில் அனுப்பிவிட்டாராம். அதிலிருந்து பேச்சு இல்லை. அந்த அண்ணன் ஊரப்பாக்கத்தில் படுத்த படுக்கையாகி, தம்பியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இவனோ தினமும் மலையேறி உட்கார்ந்துகொண்டான். மூச்சு வாங்க நானும் ஏறினேன்.

“இன்னா மச்சான், இங்க வந்து குந்திகினு கீற?”

“கழுகு வரட்டும் மாமா. வந்தா உலகம் தப்பிச்சுது. நான் போயி அண்ணன பாக்குறேன்.”

“வரலன்னா?”

“எல்லாரும் போயிடுவோம். அப்புறம் இன்னா கோவம், இன்னா சமாதானம்?”

“யோவ், உலகம் கெடக்கட்டும். உங்கண்ணன் தாங்குவாரா? கழுகு இன்னா உனக்குப் பத்திரிகை வெக்கவா வருது? எந்திரி!”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் படியிறங்கினேன்.

ஊரப்பாக்கத்தில் அண்ணன் கண் திறந்து பார்த்தார். “வந்துட்டியா? நேர்ல வந்து கூப்ட்ருக்கணும்டா நானு,” என்றார். இவன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். இவன் ஊட்டிய கஞ்சியை அவர் குடித்தார். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார்.

இப்போது மச்சான் சொந்தக்காரர்களிடமெல்லாம், ஆண்டவன்தான் தன்னை அனுப்பிவைத்தான் என்று உருகுகிறான். ஆண்டவன் அனுப்பியதாகவே இருக்கட்டும். முட்டி வலியோடு மலையேறி இழுத்து வந்தது யார்? மாமாதான் கூட்டிக்கொண்டு போனார் என்று அவன் வாயால், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும்.