தோல் ஷாப்பில் ஆஜர் கூப்பிட்ட இன்ஸ்பெக்டர்

எங்கள் பள்ளிக்கூடம் அந்தப் பங்குனி மாதமே மூடப்பட்டிருக்க வேண்டும். மூடப்படவில்லை. யாரால் என்று சொல்லத்தான் வாத்தியார்களாகிய உங்கள் முன்னால் எழுந்து நிற்கிறேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன். பெருமை ஆகாது என்று போதகர் ஐயா முன் வரிசையிலிருந்து என்னைப் பார்ப்பது தெரிகிறது. ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். இது என்னைப் பற்றிய பெருமை அல்ல.

என் பெயர் ஞானம்மாள். ஆம்பூருக்கு வெளியே பாலாற்றை ஒட்டிய சேரியில் எங்கள் பள்ளிக்கூடம். ஒரே கூரை, இரண்டு வகுப்பு. ஒன்றுக்கு நான், மற்றொன்றுக்குத் தேவசகாயம் வாத்தியார். நல்ல மனிதர், ஆனால் நாய் குரைத்தாலும் ஜபம் பண்ண ஆரம்பித்துவிடுவார்.

ஜெர்மன் சண்டை முடிந்த சமயம் அது. சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த காணிக்கை குறைந்துபோயிற்று. பள்ளிக்கூடம் நடக்க வேண்டுமானால் சர்க்கார் தரும் உதவிப் பணம், அதாவது கிராண்டு, வந்தாக வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளை எண்ணிப் பார்த்து, படிப்பைச் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பணம். இந்த முறை அது வரவில்லையானால் கதவைச் சாத்திவிடுங்கள் என்று மிஷனிலிருந்து சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கஷ்டத்தை நினைத்து அல்ல. எங்கள் சேரியில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகள் அவர்கள். அவர்களைத் திரும்பவும் வெறும் கூலிக்கு அனுப்புவதா என்றுதான்.

கூலி என்றால் தோல் ஷாப்பு. காலையில் எங்களிடம் படிப்பார்கள், மதியத்துக்கு மேல் பக்கத்துத் தோல் ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம் பட்டை இடிப்பார்கள். பிள்ளைகள் கொண்டுவரும் கூலி இல்லாமல் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் கையும் முழங்கை வரை பட்டைக் கறை ஏறிச் சிவந்திருக்கும். ஷாப்புக்குப் போகிற பிள்ளையைக் கிராண்டுக்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. அப்படியே நம்பிவிட்டோம்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் சேரி முழுக்கப் புளியும் சாம்பலும்தான். தாய்மார்கள் பிள்ளைகளை உட்காரவைத்துக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் என்ற பெண்ணின் தாய் மார்த்தாள் என்னிடம் வந்து அழாத குறையாக நின்றாள்.

"இன்னா டீச்சரம்மா பண்றது? எவ்ளோ தேச்சாலும் போவ மாட்டேங்குது. தோலே வந்துடும் போலக்கீது."

"விடு மார்த்தா, புள்ளைக்கி வலிக்கும்" என்றேன்.

தேவசகாயம் வாத்தியார்தான் வழி சொன்னார். "கையப் பின்னால கட்டிக்கினு நிக்கட்டும். மரியாதயாவும் இருக்கும், கறையும் தெரியாது."

மறுநாள் அறுப்பின் பண்டிகைக்கு எடுத்த துணியை உடுத்தி, எண்ணெய் வைத்துத் தலை வாரி, பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். இப்போது நினைத்தாலும் கண் நிறைந்துவிடுகிறது. இன்ஸ்பெக்டரின் ஜட்கா சேரிக்கு வெளியே புளியந்தோப்பிலேயே நின்றுவிட்டது. அவர் சேரித் தெருவில் கால் வைக்கிறவர் அல்ல. எங்கள் வேதக் கோயிலிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டோம். பிள்ளைகளை அங்கேயே வரவழைத்தார்.

கணக்குக் கேட்டார், சொன்னார்கள். பாடம் வாசிக்கச் சொன்னார், தடங்கலில்லாமல் வாசித்தார்கள். நான் உள்ளுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முகமோ போகப் போகக் கறுத்தது. பிள்ளைகள் வரவைக் குறிக்கும் ஆஜர் புத்தகத்தை மூடினார்.

"இதுகள் இந்தச் சேரிக் குழந்தைகள்னு நான் நம்பணுமா? எந்த போர்டிங்லேர்ந்து அழைச்சுண்டு வந்தேள்?"

போன மாதம் வேறு எங்கேயோ ஒரு பள்ளியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை இரவல் வாங்கி நிறுத்தி அவரை ஏமாற்றியிருக்கிறார்களாம். அந்தக் கோபம் எங்கள் தலையில் விடிந்தது. பிள்ளைகள் சுத்தமாக நின்றதும் நன்றாகப் படித்ததுமே எங்களுக்கு விரோதமான சாட்சி ஆகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தெருவுக்குள் வந்து பாருங்கள் என்று சொல்லலாம், வருவாரா? தேவசகாயம் வாத்தியார் கைகட்டி நின்றார். இன்ஸ்பெக்டர் ஜட்காக்காரனைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். நீளமான ஜபம் எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, இந்த மனுஷரை உள்ளே வரவையும். எங்கள் பிள்ளைகளை இவர் பார்க்கட்டும்." அவ்வளவுதான். மழையை நான் கேட்கவே இல்லை. பங்குனி வெயிலில் மழையைக் கேட்க யாருக்குத் தோன்றும்?

கண்ணைத் திறக்கும்போது மலைப் பக்கமிருந்து காற்று எழும்பியிருந்தது. வெயில் மறைந்தது. தோல் ஷாப்பில் தண்டவாளத் துண்டை அடிக்கிற சத்தம் விடாமல் கேட்டது. அது மழை மணி. வெளியே காய்கிற தோலில் மழை பட்டால் புள்ளி விழுந்து கெட்டுப்போகும், கூலியில் பிடித்துவிடுவார்கள். ஆகவே அந்த மணி கேட்டால் யார் எங்கே இருந்தாலும் ஓட வேண்டும். எங்கள் பிள்ளைகளும் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து, பண்டிகைத் துணியை இடுப்பில் சொருகிக்கொண்டு, இன்ஸ்பெக்டரின் நாற்காலியைத் தாண்டி ஓடினார்கள். நான் கூப்பிட்டதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அடுத்த நிமிஷம் மழை கொட்டியது. ஜட்காக் குதிரை மிரண்டு வண்டியை இழுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டது. ஒதுங்க அங்கே இருந்தது தோல் ஷாப்புக் கொட்டகை ஒன்றுதான். ஷாப்பு மேஸ்திரி பாய் வாசலில் நின்று கையை ஆட்டினார்.

"நனையாதீங்க சார், உள்ள வாங்க! நாத்தம் ஜாஸ்திதான், கூரை ஒழுகாது!"

இன்ஸ்பெக்டர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால், ஆஜர் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு தேவசகாயம் வாத்தியார்.

உள்ளே தோலையெல்லாம் எடுத்துவைத்துவிட்டு, வந்த கையோடு பட்டை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள் எங்கள் பிள்ளைகள். கட்டை ஏறி இறங்குகிற தாளத்துக்கு எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சொல்லிக்கொடுத்த வழக்கம் அல்ல அது, அவர்களாகவே பழகிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் ஈரத் தலையோடு நின்று கேட்டார். வாய்ப்பாடு முடிகிறவரை அசையவில்லை. பிறகு கையை நீட்டினார். வாத்தியார் ஆஜர் புத்தகத்தைக் கொடுத்தார்.

"எஸ்தர்."

"ஆஜர் சார்!" பட்டைக் குவியலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பாக்கியநாதன்."

"ஆஜர் சார்!" தலையில் பட்டைக் கட்டோடு ஒருவன் நின்றான்.

இப்படியே ஒவ்வொரு மூலையிலிருந்தும் பதில் வந்தது. "சவரிமுத்து" என்றபோது மட்டும் பதில் இல்லை. பிறகு எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். "அவனுக்கு ஜுரம் சார், வூட்ல படுத்துக்கீறான்!" காலையிலேயே வாத்தியார் சவரிமுத்துவின் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று குறித்திருந்தார். இரவல் பிள்ளைகளை நிறுத்துகிறவர்கள் அந்த இடத்தையும் நிரப்பியிருப்பார்களே. இன்ஸ்பெக்டர் அந்த வரியில் விரலை வைத்துப் பார்த்தார்.

"எஸ்தர், இங்கே வா. கையைக் காட்டு."

அவள் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "காட்டுடி கண்ணு" என்றேன். நீட்டினாள்.

"இதை ஏன் மறைச்சேள்?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். "அரை நாள் பள்ளிக்கூடத்துக்கும் விதியிலே இடம் இருக்கே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"விதியெல்லாம் இங்கிலீஷ்ல இருக்குதுங்க. நாங்க சேரில இருக்கோம்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. அவர் அங்கேயே, மேஸ்திரியின் மணைமேல் புத்தகத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் எங்களுக்குக் கிராண்டு முழுசாக வந்தது.

மறு வருஷம் வழக்கம்போல் நாற்காலியைத் தோப்பில் போட்டுக் காத்திருந்தோம். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. நேராகத் தெருவுக்குள் நடந்து வந்து, குனிந்து எங்கள் கூரைக்குள் நுழைந்தார்.

அன்றைக்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அந்த விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அகராதியும் கையுமாக, தலை நரைக்கிற வயதில் இங்கிலீஷ் படித்தேன். இப்போது சனிக்கிழமைதோறும் அணைக்கட்டு, நெமிலி, சத்துவாச்சாரிப் பக்கத்து வாத்தியார்களெல்லாம் தங்கள் காகிதங்களோடு வருகிறார்கள். எந்தக் கிராண்டு எதற்கு, எப்போது கேட்க வேண்டும், வந்தால் முதலில் கூரையா சிலேட்டா என்று உட்கார்ந்து பேசுகிறோம். கிராண்டு வந்ததும் மகள் கல்யாணத்துக்குத் திருப்பிவிடப் பார்த்த ஒருவரையும் தடுத்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், மூன்றாம் வரிசையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்படிக் காகிதம் கொண்டுவந்த பள்ளி எதுவும் இதுவரை மூடப்படவில்லை. இதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்கிறது, நிமிரட்டும்.

உங்களுக்கும் இன்ஸ்பெக்டர் வரும் நாள் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். முழங்காலில் நின்று கேளுங்கள். எந்தப் பக்கமிருந்து மேகம் வரும் என்பதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். பிள்ளைகளை மட்டும் கையை மறைக்கச் சொல்லாதீர்கள்.

அதோ கடைசி வரிசையில் இருக்கிற வாத்தியாரம்மா இன்றைக்குத் தன் பள்ளிக்கு முதல் கிராண்டு கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். விடுமுறையில் இன்னும் தாயோடு பட்டை இடிக்கப் போகிறவள். எஸ்தர், கூச்சப்படாதே. எழுந்து நின்று எல்லாருக்கும் கையைக் காட்டு.