பார்க்க வந்தவள்

ஆஸ்பத்திரிச் சலவை அறையில் எல்லாரும் அவளை வெள்ளையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. ஆள் நல்ல கறுப்பு. பிளீச்சிங் தண்ணீரிலும் கொதிநீரிலும் வருஷக்கணக்காக ஊறி ஊறி, உள்ளங்கையும் விரல் நுனிகளும் மட்டும் வெளுத்து மழமழவென்று ஆகியிருந்தன. மிஷினுக்குப் போகாத ரத்தக்கறை எல்லாம் கடைசியில் அவள் கைக்குத்தான் வரும். ஒரு விரிப்பையாவது கறையோடு திருப்பி அனுப்பினாள் என்று யாரும் சொல்ல முடியாது.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் தரைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை பார்த்தார். கல்யாணமான மறு வருஷமே போனவர். எப்போதாவது லீவு கிடைத்து வருவார். வந்த பெட்டியைப் பிரிப்பதற்குள் சொந்தபந்தம் வந்து சூழ்ந்துகொள்ளும்; எல்லாரும் போய், இருவரும் நாலு வார்த்தை பேசலாம் என்று உட்காரும்போது லீவு முடிந்திருக்கும். குழந்தை இல்லை. மற்றபடி அவர்களுடைய குடித்தனம் போனில்தான் நடந்தது.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்ற செய்தியும் போனில்தான் வந்தது. சொன்னவர் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த தச்சர்.

"கம்பெனியில பெரிய ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்கம்மா. செலவையும் அவங்களே பாத்துக்கறாங்க. ஆனா ஊருக்கு அனுப்ப முடியாதாம். விமானத்துல ஏத்தணும்னா டாக்டர் சர்டிபிகேட் வேணும். இதயமும் சோந்து போயிருக்கு, நான் எழுதித் தரமாட்டேங்கறாரு டாக்டர்."

"அவரால வர முடியாதுன்னா நான் வர்றேன்ணே," என்றாள். பக்கத்துத் தெருவுக்குப் போகிற மாதிரிதான் சொன்னாள். அதுவரை அவளிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது.

கொழுந்தன் தன் வேலையைப் போட்டுவிட்டு அலைந்தான். பாஸ்போர்ட் எடுத்தான். கம்பெனியிலிருந்து அழைப்புக் கடிதம் வரவழைத்தான். கல்யாணச் சான்றிதழை மொழிபெயர்த்து, ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கி முத்திரை வாங்கினான். எல்லாம் சேர்ந்த பிறகு அண்ணியை விசா மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். இனி கைரேகை கொடுப்பது ஒன்றுதான் பாக்கி, அது ஒரு நிமிஷ வேலை என்று சொல்லித்தான் கூட்டிப் போனான்.

ரேகை எடுக்கும் இடத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பச்சை வெளிச்சம் அடிக்கும் சின்னக் கண்ணாடியைக் காட்டி, "நாலு விரலையும் வைங்க. கொஞ்சம் அழுத்தமா," என்றாள்.

வைத்தாள். திரையில் சிவப்பு விழுந்தது. அந்தப் பெண் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். மறுபடியும் சிவப்பு. விரல்களில் ஏதோ க்ரீமைத் தடவினாள். மேலே தன் கையை வைத்து அழுத்தியும் பார்த்தாள். திரையில் விரல் விரலாகத் தெரிந்ததே தவிர, கோடு ஒன்றும் விழவில்லை.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"சலவை."

"அதான்."

"என் கைதாம்மா இது. வேற கை எங்கிட்ட இல்ல."

"எனக்குத் தெரியுது. மிஷினுக்குத் தெரியணுமே."

கொழுந்தன் குனிந்து கேட்டான். "இதுக்கு விலக்கு ஒண்ணும் கிடையாதா மேடம்?"

"இருக்கு. விரலே இல்லாதவங்களுக்கு. இவங்களுக்கு எல்லா விரலும் இருக்குதே." அவள் கிண்டல் செய்யவில்லை. விதியில் இருந்ததைச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தண்ணியில கைய வைக்காம இருந்தா ரேகை திரும்ப ஏறும். எண்ணெய் தடவுங்க. அடுத்த மாசம் வாங்க," என்றாள்.

அடுத்த மாசம் என்பதை வெள்ளையக்கா ரேகைக்காக யோசிக்கவில்லை, வீட்டுக்காரருக்காக யோசித்தாள்.

அன்றைக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் போனில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "உன் கையப் பாத்தா கைரேகை ஜோசியக்காரனே வாங்கின காசைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிடுவான். மிஷின் என்ன பண்ணும், பாவம்."

சலவை அறையில் சூப்பர்வைசர் அவளை மடிக்கும் மேஜைக்கு மாற்றினாள். வீட்டில் பாத்திரம் தேய்க்க கொழுந்தன் பெண்டாட்டி வந்து போனாள். வெள்ளையக்கா கையில் எண்ணெயைத் தடவி, மேலே பழைய காலுறையை மாட்டிக்கொண்டு தூங்கினாள். சும்மா இருக்கிற கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆயுசில் முதல்முறையாகக் கைக்கு ஓய்வு கிடைத்தது. அதை அனுபவிக்கத்தான் மனசு இல்லை.

அடுத்த முறை இடது கை ஏறியது. வலது கையும் ஏறியது. வலது கட்டைவிரல் மட்டும் அடம்பிடித்தது. அந்தப் பெண் வரிசையில் நின்றவர்களைக் காக்க வைத்துவிட்டு, அந்த விரலைப் பிடித்துக் குழந்தைக்கு எழுதப் பழக்குவது போல மெல்ல மெல்ல உருட்டினாள். ஒரு வழியாகப் பச்சை விழுந்தது.

விசா வந்தது. பார்வையாளர் விசா, ஒரு மாசம்.

போய் இறங்கிய விமான நிலையத்திலும் அதே கூத்துதான். அங்கிருந்த மிஷின் அவளை ஏற்கவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, ஜன்னல் இல்லாத ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். பாஷை தெரியாது. யார் உள்ளே வந்தாலும் எழுந்து நின்றாள். நெடுநேரம் கழித்து வந்த ஒரு பெரிய அதிகாரி அவள் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். வெளியே தச்சர் பசியும் பட்டினியுமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

ஆண்கள் தங்கும் கட்டடத்தில் பெண்கள் தங்கக் கூடாது. ஆபீஸ்களைக் கூட்டிப் பெருக்கும் ஒரு பெண்மணியின் அறையில் படுக்க ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார் தச்சர். விடிந்ததும் ஆஸ்பத்திரி. பார்வையாளர் நேரம் முடிந்ததும் வெளியே வந்து, எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பாள். அடுத்த நேரம் வந்ததும் மறுபடி உள்ளே.

முதல் நாள் அவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு கட்டில் தள்ளிப் போய் நின்றாள். "இங்க," என்ற குரலைக் கேட்டுத்தான் திரும்பினாள்.

ஆனாலும் அந்த மாசத்தைப் போல ஒரு மாசம் அவர்களுக்கு வாய்த்ததில்லை. விருந்தாளி இல்லை, பெட்டி கட்டும் அவசரம் இல்லை. ரத்தம் சுத்திகரிக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். இவள் கட்டிலோரம் உட்கார்ந்து கதை கேட்பாள். எந்தெந்தக் கட்டடத்தில் தரை போட்டேன், எந்த முதலாளி ஏமாற்றினான், தச்சர் தூக்கத்தில் என்ன உளறுவார் என்று அவர் சொல்லச் சொல்ல, தன் புருஷனை அப்போதுதான் தெரிந்துகொள்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஆஸ்பத்திரி விரிப்பில் ஒரு பழைய கறையைப் பார்த்துவிட்டு, "இதை எவ துவைச்சா?" என்று அவள் முணுமுணுத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முகத்தில் கொஞ்சம் தெளிச்சியும் வந்தது.

விசா முடியும் நாள் நெருங்கியபோது தச்சரோடு குடிவரவு ஆபீசுக்குப் போனாள். டாக்டர் கொடுத்த கடிதத்தை அங்கிருந்தவர் முழுக்கப் படித்தார். எழுந்து உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். அவர் சொன்னதைத் தச்சர் திருப்பிச் சொன்னார்.

"நோயாளிக்கு நீட்டிப்பு உண்டாம்மா. பாக்க வந்தவங்களுக்குக் கிடையாதாம். வெளிய போயிட்டுப் புதுசா விண்ணப்பம் போட்டு வரணுமாம்."

"போயிட்டு வர்ற வரைக்கும் இவர் இருக்கணுமேண்ணே."

தச்சர் அதை அந்த அதிகாரிக்கு மொழிபெயர்க்கவில்லை.

போகாமல் தங்கிவிட்டால் என்ன என்று அவள் யோசிக்காமல் இல்லை. அன்று மாலை அவரிடமே கேட்டாள்.

"உனக்குப் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டது கம்பெனி. நீ தங்கிட்டா அபராதம் அவங்க தலையில விழும். அப்புறம் இந்த மிஷினுக்கு யாரு பணம் கட்டுவா?" என்றார். "உன்னப் போன்னு சொல்ல எனக்கு மட்டும் வாய் வருதா? போயிட்டு வா."

கடைசி நாள் அவருக்குச் சவரம் செய்துவிட்டாள். கன்னம் ஒட்டியிருந்ததால் கத்தி சரியாகப் படியவில்லை. அவர் நாக்கால் உள்ளிருந்து அழுத்திக் கன்னத்தை உப்ப வைத்துக்கொடுத்தார். பழக்கம் இல்லாத வேலை, ஓரிடத்தில் கீறிவிட்டது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே நின்றாள். ரத்தம் நின்ற பிறகும் எடுக்கவில்லை. நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து இரண்டு முறை சொன்னாள்.

"வரும்போது மெல்லிசா ஒரு போர்வை எடுத்துட்டு வா. இங்க குடுக்கறது குத்துது," என்றார்.

விமான நிலையத்தில் வெளியேறுகிறவர்களின் வரிசை வேகமாக நகர்ந்தது. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய வாரமே கொழுந்தன் மறுபடி விண்ணப்பம் போட்டான். பாஸ்போர்ட் விசா மையத்தில் இருந்தது. தினமும் மாலையில் தச்சர் ஆஸ்பத்திரிக்குப் போய், போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வார். இவள் பேசுவாள். வர வர அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது. "கேக்கறாரும்மா, கண்ணு அசையுது, நீ பேசு," என்பார் தச்சர். ஒருநாள் காலையிலேயே தச்சரிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக அழைக்கும் நேரம் அல்ல. மடித்துக்கொண்டிருந்த விரிப்பை மடித்து முடித்து அடுக்கில் வைத்துவிட்டுத்தான் எடுத்தாள்.

உயிரோடு வர விடாத விமானத்தில் உடல் வந்தது. சரக்கு வாசலில் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கப் போனாள். இந்த முறை வேறு ஜன்னல், வேறு ஒரு சின்னப் பெண். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறக் காரணம் சொல்ல வேண்டும் என்றாள். கொழுந்தன் வாயெடுப்பதற்குள் வெள்ளையக்காவே சொன்னாள்:

"பாக்க வேண்டியவர் இங்க வந்துட்டாரும்மா."

"அப்ப நல்லதாப் போச்சு," என்று அந்தப் பெண் மனசாரச் சொன்னாள். பயணத் திட்டம் மாறியது என்று கம்ப்யூட்டரில் அடித்துவிட்டு, பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

வெளியே வந்ததும் கொழுந்தனுக்குத் தாங்கவில்லை. "உள்ளதைச் சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொல்லி? அந்தப் பொண்ணு பாவம் தம்பி, நாளெல்லாம் உக்காந்து எழுதணும், இந்தப் பாரமும் அதுக்கு எதுக்கு? பின்னாடி எத்தனை பேரு நிக்கறாங்க பாரு."

அன்று மதியமே அவள் வேலைக்குப் போய்விட்டாள்.